எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்திய பிறகும் தானம் தந்தவரின் அணுக்கள் ஏன் தாக்குகின்றன?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவு. உங்கள் தம்பிக்கு அக்யூட் மைலாய்டு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்தது. அக்காவான உங்கள் எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளம் அவருடையதோடு முழுமையாகப் பொருந்தியதால், எட்டு மாதங்களுக்கு முன்பு சென்னையிலேயே ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களான உங்கள் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து அவருக்குச் செலுத்தினார்கள். புற்றுநோய் இப்போது தென்படவில்லை. ஆனால் சில வாரங்களாக வாய் முழுதும் புண், கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், முன்கைத் தோல் கறுத்து இறுகுதல் ஆகியவை தொடங்கியிருக்கின்றன. மருத்துவர் இதை நாட்பட்ட ஜி.வி.எச்.டி. என்கிறார்; தானம் தந்தவரின் நோயெதிர்ப்பு அணுக்கள் பெற்றவரின் உடலைத் தாக்கும் நோய் அது. ஸ்டீராய்டு போதவில்லை என்பதால் ரக்ஸோலிடினிப் மாத்திரையைச் சேர்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்களோ "அக்கா ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள். இந்த எதிர்வினையை அடியோடு நிறுத்த ஆராய்ச்சியில் ஏதாவது வந்திருக்கிறதா என்றும், உங்கள் செல்களை மறுபடியும் கொடுத்தால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில், தம்பிக்குத் தீங்கு செய்தது நான்தானா என்ற கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் இந்த நகரத்தில் பல ஆண்டுகளாக மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் ரத்தவியல் மருத்துவன். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. அவருடைய ஈரல், நுரையீரல் அறிக்கைகளும் என் கையில் இல்லை. ஆகவே மருந்தின் அளவு பற்றியோ எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பது பற்றியோ நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது அவரைப் பார்த்துவரும் மருத்துவரின் பொறுப்பு. இந்த நோய் ஏன் வருகிறது, ஆராய்ச்சி எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே இன்னும் தடுமாறுகிறது என்பதைச் சொல்ல முடியும்.

எச்.எல்.ஏ. என்பது நம் உடலின் அணுக்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்களின் தொகுதி. ஆறாவது குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் அவற்றை உருவாக்குகின்றன. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் வருவதால், உடன்பிறந்த இருவருக்கு அது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. "நூறு சதவீதப் பொருத்தம்" என்று மருத்துவமனையில் சொல்வது இந்தத் தொகுதியை மட்டுமே குறிக்கும். ஆனால் மனித மரபணுத் தொகுப்பில் மற்ற குரோமோசோம்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் ஆயிரக்கணக்கான புரதங்களில் உடன்பிறந்தோருக்கு இடையிலும் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. அந்தப் புரதங்களின் துண்டுகளை எச்.எல்.ஏ. தன் மேல் ஏந்திக் காட்டும்போது, தானம் தந்தவரின் டி-அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அவற்றை அந்நியமாக எடுத்துக்கொள்கின்றன. நோயெதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காணும் பொருள் ஆன்டிஜென்; இந்தத் துண்டுகளைச் சிறு திசுப்பொருத்த ஆன்டிஜென்கள் என்கிறோம். ரூபர்ட் பில்லிங்ஹாம் என்ற நோயெதிர்ப்பு அறிஞர் இந்த நோய் உண்டாக மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று 1966-இல் வகுத்துச் சொன்னார். செலுத்தப்படும் திசுவில் செயலாற்றும் நோயெதிர்ப்பு அணுக்கள் இருக்க வேண்டும். பெறுபவரின் உடலில் தருபவரிடம் இல்லாத ஆன்டிஜென்கள் இருக்க வேண்டும். பெறுபவரின் உடல் வந்த அணுக்களை விரட்ட முடியாத நிலையில் இருக்க வேண்டும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் அல்லாத எந்த இருவருக்கு இடையில் இந்தச் சிகிச்சை நடந்தாலும் இந்த மூன்றும் அங்கே இருக்கும். எனவே "ஒத்துக்கொள்ளவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது சரியான விவரிப்பு அல்ல. உங்கள் செல்கள் அவர் எலும்பு மஜ்ஜையில் நன்றாகவே குடியேறி ரத்தம் உற்பத்தி செய்கின்றன. ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் உங்கள் செல்கள் அங்கே நிலைத்திருக்கவே மாட்டா.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. தருபவர் பெண்ணாகவும் பெறுபவர் ஆணாகவும் இருக்கும்போது நாட்பட்ட ஜி.வி.எச்.டி. வரும் வாய்ப்பு மற்ற இணைகளைவிடச் சற்றுக் கூடுதல் என்பது பெரிய தரவுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட செய்தி. ஆணின் ஒய் குரோமோசோம் உருவாக்கும் சில புரதங்கள் பெண்ணின் நோயெதிர்ப்பு அணுக்களுக்குப் புதியவை என்பதே காரணம். தருபவர் குழந்தை பெற்றவராக இருந்தால், கருவின் அணுக்களைக் கர்ப்ப காலத்தில் சந்தித்த அனுபவம் அந்த அணுக்களுக்கு ஏற்கெனவே இருக்கும். அதுவும் இந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. நீங்கள் இரண்டு குழந்தைகளுக்குத் தாய் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பியின் மருத்துவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பொருந்திய உடன்பிறப்பு ஒருவர் முன்வந்து நிற்கும்போது, அந்தக் கூடுதல் வாய்ப்புக்காக அவரை ஒதுக்கிவிட்டு, வேறு ஒருவரைத் தேடி மாதங்களைக் கழிப்பது லுகேமியா நோயாளிக்குப் பெரும்பாலும் அதைவிடப் பெரிய ஆபத்து. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி போன்ற தானப் பதிவகங்கள் 2009-க்குப் பிறகு இங்கே வளர்ந்திருக்கின்றன. ஆனாலும் பதிவகத்தில் பொருத்தம் கிடைக்கும் என்பது எவருக்கும் உத்தரவாதம் இல்லை. இது புள்ளிவிவரத்தில் தெரியும் ஒரு சாய்வு, அவ்வளவே. பெண் தானம் தந்த எத்தனையோ ஆண்கள் இந்த நோயே இல்லாமல் வாழ்கிறார்கள். ஆண் தானம் தந்தும் கடுமையான ஜி.வி.எச்.டி. வந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு வந்ததற்கு இதுதான் காரணம் என்று எந்தப் பரிசோதனையாலும் காட்ட முடியாது. குற்றம் என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. உங்கள் உறவினர்கள் கேட்க வேண்டியது அதுதான். உங்கள் தம்பியின் தோலையும் வாயையும் தாக்கும் அதே வகை அணுக்கள்தான் அவருடைய லுகேமியா திரும்பாமல் காவல் நிற்கின்றன. இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. இந்தத் துறையின் வரலாறே அதுதான். 1950-களின் நடுவில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் பார்ன்ஸ், லூட்டிட் ஆகியோர் லுகேமியா உள்ள எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். அதே இன எலியின் மஜ்ஜையைப் பெற்றவற்றுக்கு லுகேமியா திரும்பியது. வேறு இனத்தின் மஜ்ஜையைப் பெற்றவற்றுக்கு அது திரும்பவில்லை; ஆனால் அவை வயிற்றுப்போக்கோடு மெலிந்து இறந்தன. இன்று நாம் பேசும் இரண்டு விளைவுகளும் அந்த ஒரே சோதனையில் சேர்ந்தே தெரிந்தன. மனிதர்களில் இது உறுதிப்பட வெகுகாலம் ஆயிற்று. டோனல் தாமஸ் 1957-இல் மனிதர்களுக்கு மஜ்ஜை செலுத்திய முதல் அனுபவத்தை வெளியிட்டார். இதே பணிக்காக 1990-இல் நோபல் பரிசின் பாதி அவருக்குக் கிடைத்தது. அந்த 1990-ஆம் ஆண்டிலேயே, பொருந்திய உடன்பிறப்பிடம் மஜ்ஜை பெற்ற 2,254 லுகேமியா நோயாளிகளின் தரவு வெளியானது. ஜி.வி.எச்.டி. வந்தவர்களிடம் லுகேமியா திரும்புவது குறைவாகவும், ஒரே கருவின் இரட்டையரிடம் பெற்றவர்களிடமும் டி-அணுக்களை நீக்கிய மஜ்ஜையைப் பெற்றவர்களிடமும் அது அதிகமாகவும் இருந்தது. 1980-களில் பல மையங்கள், தாக்குவது டி-அணுதானே, அதை முழுவதும் வடிகட்டிவிடுவோம் என்று முயன்று பார்த்திருந்தன. ஜி.வி.எச்.டி. உண்மையிலேயே குறைந்தது, ஆனால் லுகேமியா திரும்புவதும், செலுத்திய மஜ்ஜை நிலைக்காமல் போவதும் கூடின. அடியோடு நிறுத்த முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு அந்த அனுபவமே பெரும்பகுதி பதில். அடியோடு நிறுத்தும் வழி அன்றே தெரிந்துவிட்டது. அதன் விலைதான் அதிகம். அதன்பின் இன்றுவரை நடக்கும் ஆராய்ச்சியின் பெரும்பகுதி, தீமை செய்யும் அணுவை நன்மை செய்யும் அணுவிலிருந்து பிரிக்கும் முயற்சியே.

ஒரு விளக்கமும் இதோடு சேர வேண்டும், ஏனென்றால் பாதி கேட்டுவிட்டு ஜி.வி.எச்.டி. நல்லதுதான் போலும் என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. லேசான அளவில் வருவது லுகேமியாவைத் தடுப்பதோடு தொடர்புடையது. கடுமையாக வந்தால் அந்த நன்மையை, அதனாலும் அதற்குக் கொடுக்கும் மருந்துகளாலும் வரும் தொற்றும் உறுப்புச் சேதமும் விழுங்கிவிடும். சிகிச்சை வேண்டாம் என்று விட்டுவிடக் கூடியது அல்ல இது.

தடுப்பதில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்திருப்பது உண்மையான முன்னேற்றம். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரினையும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறை 1986-இல் நிறுவப்பட்டது. அதுவும், சைக்ளோஸ்போரினுக்குப் பதில் டாக்ரோலிமஸ் சேர்ந்த அதன் மறுவடிவமும் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் உலகெங்கும் அடித்தளமாக இருந்தன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக் குழு ஒரு வித்தியாசமான எண்ணத்தைப் பின்தொடர்ந்தது. மஜ்ஜையைச் செலுத்திய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் பழைய புற்றுநோய் மருந்தை அதிக அளவில் கொடுப்பது அது. பெறுபவரின் உடலைக் கண்டு வெறிகொண்டு பெருகத் தொடங்கும் டி-அணுக்கள் அந்த நாட்களில்தான் வேகமாகப் பிளவுபடுகின்றன. ஸ்டெம் செல்களோ அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தம்மிடம் அதிகம் வைத்திருப்பதால் தப்பிவிடுகின்றன. பாதி மட்டுமே பொருந்தும் தாய், தந்தை, பிள்ளைகளிடமிருந்தும் ஸ்டெம் செல்களை எடுக்கலாம் என்ற நிலை இந்த முறையால்தான் வந்தது. முழுப் பொருத்தம் உள்ளவர்களுக்கும் இது நல்லதா என்று 431 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. கடுமையான ஜி.வி.எச்.டி.யும் நோய் திரும்புதலும் இல்லாமல் ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் புதிய முறையில் 52.7 சதவீதம், பழைய முறையில் 34.9 சதவீதம். இது ஐயத்துக்கு இடமில்லாத வேறுபாடு. ஆனால் அந்தச் சோதனை, மஜ்ஜை மாற்றுக்கு முன் உடலைத் தயார்செய்யத் தரும் சிகிச்சையைத் தீவிரம் குறைந்த அளவில் பெற்ற பெரியவர்களிடம் நடந்தது. எல்லாருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. அந்த மருந்து வேலை செய்வதற்கு மேலே நான் சொன்ன விளக்கமும் முழுமையானது அல்ல என்று பின்னர் நடந்த எலிச் சோதனைகள் காட்டின. தாக்கும் அணுக்கள் எல்லாம் அழிவதில்லை; எஞ்சியவை செயலிழக்கின்றன, அவற்றை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி-அணுக்கள் பிழைத்துக்கொள்கின்றன. பயன் முதலில் தெரிந்து, காரணம் பிறகு புரிவது இந்தத் துறையில் புதிது அல்ல. உங்கள் தம்பிக்கு எந்தத் தடுப்பு முறை கையாளப்பட்டது என்பது அவருடைய கோப்பில் இருக்கும். வேறு முறையைக் கையாண்டிருந்தால் இது வந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் அதைத் தோண்டி வருந்த வேண்டாம்.

இனி அவருக்கு இப்போது இருப்பதைப் பற்றி. நாட்பட்ட வகை, முதல் வாரங்களில் தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்கும் கடும் வகையின் நீட்சி மட்டும் அல்ல. நூறு நாளுக்கு முன் வந்தால் கடும் வகை, பின் வந்தால் நாட்பட்டது என்ற பழைய எல்லைக்கோட்டை இப்போது கைவிட்டுவிட்டோம். அறிகுறியின் தன்மையே பெயரை முடிவு செய்கிறது. நாட்பட்ட வகையில் டி-அணுக்களோடு, எதிர்ப்பொருள் உருவாக்கும் பி-அணுக்களும் கட்டுப்பாடு இழக்கின்றன. மேக்ரோஃபேஜ் என்னும் அணுக்கள் திசுவில் நார்த்தன்மையைத் தூண்டுகின்றன. தோல் இறுகுவது அந்த நார்த்தன்மைதான். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். உருவாகிவிட்ட நாரைக் கரைக்காது. அதனால்தான் முதல் மாதங்களில் பலன் பாதியில் நின்றுவிடுவது பலருக்கு நேர்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை, தசைத் தளர்ச்சி, பூஞ்சைத் தொற்று ஆகியவற்றைக் கொண்டுவரும் என்பதால், அதைக் குறைக்க உதவும் இரண்டாவது மருந்து தேவைப்படுகிறது. 2017 வரை இந்த நோய்க்கென்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இருக்கவில்லை. அந்த ஆண்டு இப்ரூடினிப் வந்தது; 2021-இல் பெலுமோசுடிலும் ரக்ஸோலிடினிப்பும் வந்தன; 2024-இல் மேக்ரோஃபேஜ்களைக் குறிவைக்கும் அக்ஸாடிலிமேப் ஊசி வந்தது. பத்தாண்டுக்குள் நான்கு மருந்துகள் வருவது, அதற்கு முன் வேறு நோய்களின் மருந்துகளை இரவல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சாதாரணச் செய்தி அல்ல.

இவற்றில் உங்கள் மருத்துவர் சொன்ன ரக்ஸோலிடினிப்புக்கு உள்ள சான்றுதான் வலுவானது, ஏனெனில் அது வேறு சிகிச்சைகளோடு நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டது. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத 329 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில், இருபத்து நான்காம் வாரத்தில் பலன் கண்டவர்கள் ரக்ஸோலிடினிப் குழுவில் 49.7 சதவீதம், மற்ற மருந்துகள் பெற்ற குழுவில் 25.6 சதவீதம். பெலுமோசுடிலுக்கும் அக்ஸாடிலிமேப்புக்கும் முக்கால் பங்கை நெருங்கும் எண்கள் வெளியாகியுள்ளன. அவை பழைய சிகிச்சையோடு ஒப்பிடும் குழு இல்லாத சோதனைகளிலிருந்து வந்தவை என்பதால், எண்ணை மட்டும் பார்த்து இது அதைவிடச் சிறந்தது என்று முடிவு கட்டக் கூடாது. "பலன்" என்ற சொல்லையும் கவனியுங்கள். பெரும்பாலோருக்கு அது பகுதி முன்னேற்றம்: வாய் ஆறுவது, மூட்டு இன்னும் கொஞ்சம் மடங்குவது, ஸ்டீராய்டைக் குறைக்க முடிவது. நோய் முழுவதும் அகன்று எல்லா மருந்தையும் நிறுத்துபவர்கள் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது வழக்கம், சிலருக்கு அதற்கும் மேல். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று மருந்து வீணானதாக எண்ணி நிறுத்திவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தோலில் மாற்றம் தெரிய மாதக்கணக்கில் ஆகும். ரக்ஸோலிடினிப் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், தொற்றுக்கு வழிவிடலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். அதைத் தவற விடாதீர்கள்.

ஆராய்ச்சியில் ஐயத்துக்குரிய பகுதிகளுக்கு வருகிறேன். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் மையங்களின் நோயாளிகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு, மஜ்ஜை மாற்றின்போது குடல் நுண்ணுயிர்களின் பன்மை குறைந்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று காட்டியது. இந்தத் தொடர்பை வைத்து என்ன செய்வது என்பதுதான் தெளிவாகவில்லை. பன்மை குறைந்ததால் நோய் கடுமையாகிறதா, கடுமையாக நோயுற்றவருக்கு அதிக ஆன்டிபயாடிக் கொடுத்ததால் பன்மை குறைகிறதா என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துக் காட்டாது. மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தும் முறை சோதனையில் இருக்கிறது. அதற்காகக் கடையில் விற்கும் புரோபயாடிக் பொட்டலங்களை வாங்கிக் கொடுக்காதீர்கள். எதிர்ப்பாற்றல் தாழ்ந்தவரின் ரத்தத்தில் அவையே தொற்றாக மாறிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ரத்தத்தில் எஸ்.டி.2, ரெக்3ஆல்ஃபா என்ற புரதங்களை அளந்து கடும் வகை எவ்வளவு தீவிரமாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறை நல்ல அடித்தளம் கொண்டது. ஆனால் அது நாட்பட்ட வகைக்கு உரிய பரிசோதனை அல்ல. தாக்கும் அணுக்களை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, ஒழுங்குபடுத்தும் அணுக்களையும், முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நினைவு அணுக்களையும் செலுத்தும் முறைகள் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவை இனி மஜ்ஜை மாற்று செய்யப்போகிறவர்களுக்கு உரியவை. ஏற்கெனவே செல்கள் செலுத்தப்பட்ட உங்கள் தம்பிக்கு உதவாதவை.

"ஸ்டெம் செல் சிகிச்சையால் ஜி.வி.எச்.டி. குணமாகும்" என்ற விளம்பரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மீசென்கைமல் எனப்படும் வேறு வகை அணுக்களைப் பற்றியது அது. ஜப்பானில் 2015-இலும், குழந்தைகளுக்கு மட்டும் அமெரிக்காவில் 2024-இன் இறுதியிலும் அத்தகைய தயாரிப்புகள் அனுமதி பெற்றன. இரண்டுமே ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத கடும் வகைக்கு, குறிப்பிட்ட தரத்தில் தயாரானவற்றுக்குக் கிடைத்த அனுமதி. அதைக் காட்டி நாட்பட்ட வகைக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடம் எதுவானாலும் அங்கே போகாதீர்கள்.

நம் ஊர் சார்ந்த சிலவற்றைச் சொல்கிறேன். மேலைநாட்டுக் கையேடுகளில் இவை அரிதாகவே கிடைக்கும். நம் நிறத் தோலில் ஜி.வி.எச்.டி. புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதாவோடிய கருமையாகவோ வெளிறிய திட்டாகவோ தெரியும். வெயிலில் கறுத்துவிட்டான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆகவே நிறத்தைவிட, தோலைக் கிள்ள முடிகிறதா, உள்ளங்கைகளைக் கூப்பினால் இடைவெளி இல்லாமல் சேர்கின்றனவா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை கும்பிடும் நிலையில் கைகளைப் புகைப்படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுவது நல்ல பதிவு. வெயில் இந்த நோயைத் தூண்டும் என்பதால் சென்னை வெயிலில் முழுக்கைச் சட்டை கட்டாயம். வாய்ப்புண் இருக்கும்போது மிளகாய்க் காரம், புளி, ஊறுகாய், புதினா மணமுள்ள பற்பசை எல்லாம் எரியும். அவற்றை விலக்கி, தயக்கமில்லாமல் பருப்புச் சாதமும் இட்லியும் கொடுங்கள். பாக்கும் புகையிலையும் கூடவே கூடாது, ஏனெனில் நாட்பட்ட வாய் ஜி.வி.எச்.டி. உள்ளவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

எதிர்ப்புச் சக்தி கூட வேண்டும் என்று சீந்தில், அமுக்கரா, வேறு சூரணங்களை உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நோயே எதிர்ப்பு அணுக்களின் மிகை. அதைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் எதையும் அவருக்குக் கொடுப்பது நோக்கத்துக்கே எதிரானது. சீந்திலால் ஈரல் பாதிப்பு உண்டானதைக் கோவிட் காலத்தில் நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஜி.வி.எச்.டி. தாக்கக்கூடிய ஈரலில் மூலிகையாலும் கோளாறு வந்தால், எது எதனால் என்று கண்டுபிடிக்க ஈரலில் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டி வரும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். அது டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

இந்த நோயாளிகளை நாங்கள் இழப்பது பெரும்பாலும் தோலாலோ வாயாலோ அல்ல, தொற்றாலும் நுரையீரலாலும்தான். காய்ச்சல் நூறு டிகிரியைத் தாண்டினால், இரவு இரண்டு மணியானாலும் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நாடு இது. ஸ்டீராய்டு எடுப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோயையும் மருத்துவருக்கு நினைவூட்டுங்கள். மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டிய தெருக்களின் புழுதியிலும், இடிக்கும் கட்டடங்களின் அருகிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் மிகுந்திருக்கும். அந்த வழியைத் தவிர்க்க முடியாவிட்டால் நன்கு பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். உங்கள் குழந்தைகள் அவரோடு ஒரே வீட்டில் இருந்தால், போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு அழைத்துச் செல்லும் முன் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், அது குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். நுரையீரலின் சிறு குழாய்களை இந்த நோய் இறுக்கும்போது தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது; மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் நேரத்தில் திரும்பப் பெற முடியாத அளவு போயிருக்கும். எனவே அடுத்த முறை செல்லும்போது நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைச் சொல் என்றால், நுரையீரல் திறன் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தார்கள், அடுத்தது எப்போது என்பதைத்தான் சொல்வேன். இந்தக் கட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்ல வழக்கம்.

செல்களை மறுபடியும் கொடுக்கலாமா என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. இப்போது வேண்டாம். மியூனிக்கில் கோல்ப் என்ற மருத்துவரின் குழு 1990-இல் வெளியிட்ட வழிமுறை ஒன்று உண்டு: மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு லுகேமியா திரும்பிய நோயாளிகளுக்கு, தானம் தந்தவரின் வெள்ளணுக்களை மறுபடியும் செலுத்தினார்கள், லுகேமியா பின்வாங்கியது. தானம் தந்தவரின் அணுக்கள் புற்றுநோயோடு போரிடுகின்றன என்பதற்கு நேரடிச் சான்றாக அமைந்தது அது. இன்றும் நோய் திரும்பும்போது அதைக் கையாளுகிறோம். ஆனால் அதன் முக்கியப் பக்கவிளைவு ஜி.வி.எச்.டி.யேதான். ஏற்கெனவே அது இருக்கும் ஒருவருக்கு அந்த அணுக்களை மேலும் கொடுத்தால் நோய் மூர்க்கமாகும். உங்களால் இன்னும் கொடுக்க முடியும் என்பது உங்கள் தம்பியின் மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அதனால், அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகும்போது உங்கள் தற்போதைய கைபேசி எண் கோப்பில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.